மருந்து வாசனை

கொத்தமல்லித் தழையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஹாலின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் அவள்.

சோபாவுக்கு அடியிலிருந்து முயல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் இதே கூத்துதான். அவள் கூப்பிடுவாள், அது வராது. அவள் எழுந்து போனதும் வந்து தழையை மட்டும் தின்றுவிட்டு ஓடிவிடும்.

கணவன் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றான். ஊரிலிருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவனுக்குத் தன் வீட்டு முயலைச் சரிக்கட்டத் தெரியவில்லை.

முயலின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லா அறையையும் சுற்றிச் சுற்றி மேற்பார்வை பார்க்கும். பிடித்த பொருளைக் கண்டால் தாடையின் அடியை அதன்மேல் ஒரு தேய் தேய்க்கும். தன் வாசனையைப் பூசி, இது என்னுடையது என்று முத்திரை குத்துகிற வேலை. நாற்காலிக் கால், கதவு மூலை, அவன் செருப்பு, அவன் பாதம், எதுவும் பாக்கியில்லை.

அவள் பாதத்தை மட்டும் அது தொடவே இல்லை.

பஸ் விபத்தில் தலையில் பட்ட அடி அவளிடமிருந்து எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போயிருந்தது. தன் பெயர்கூடத் தெரியாது. முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தையல். பழைய படங்களைப் பார்த்தால் மனசு தாங்காது என்று அவனே அவற்றைப் பரண்மேல் போட்டுவிட்டான். காதல் கல்யாணம், இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருஷங்களாயிற்று, வந்து பார்க்க ஆளில்லை. எதிர்வீட்டுக்காரி மட்டும் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனாள். அடுக்குமாடியில் அதற்கு மேல் யார் யாரைப் பார்க்கிறார்கள்?

அவனை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாள் கேட்டாள். 'என்னங்க' என்று சொல்லிக்கொடுத்தான். இத்தனை வருஷமும் வீட்டுக்குள் அவனுக்குக் கிடைத்ததென்னவோ 'டேய்'தான். தானாக வந்த சந்தர்ப்பத்தை எந்த ஆம்பளை விடுவான்?

அவன் சொன்னதையெல்லாம் அவள் நம்பினாள், பாவம். நீ இந்தப் பக்கம்தான் படுப்பாய் என்றால் அதே பக்கம் படுத்தாள். முயல் ஒன்றுதான் இடறியது. ஒரே ஒரு தடவை அது வந்து உரசிவிட்டால் போதும், இது தன் வீடுதான் என்று மனசு அடங்கிவிடும் என்றாள். அவனுக்கும் அதைவிட வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இன்று, விபத்துக்கு முன்பு கழற்றிப்போட்டுத் துவைக்காமல் கிடந்த நீல நைட்டியைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய யோசனைதான். பார்த்ததும் அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

முயலின் மூக்கு துடித்தது.

வெளியே வந்தது. ஓடிவந்தது என்றே சொல்ல வேண்டும். நைட்டியின் ஓரத்தில் முகத்தைப் புதைத்தது. தாடையால் தேய்த்தது, மறுபடி தேய்த்தது, காணாமல் போனவரைக் கண்டதுபோல் அந்தத் துணியையே சுற்றிச் சுற்றி வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

துணி முடிந்து கணுக்கால் தொடங்குகிற இடத்தில் அது நின்றது.

மோந்து பார்த்தது. காதுகள் பின்னால் படிந்தன. மெல்ல மெல்லப் பின்வாங்கி, பின்னங்காலைத் தூக்கி டொம் என்று தரையில் அடித்தது. ஆபத்து வந்திருக்கிறது என்று முயல்கள் தம் ஆட்களுக்குச் சொல்கிற சேதி அது.

அடித்துவிட்டு அவன் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"எனக்குத்தான் ஒண்ணும் ஞாபகமில்ல. இதுக்குமா இல்ல?" என்று அவள் உடைந்து அழுதாள்.

"மருந்து வாசனை இன்னும் போகல. போகப்போக சரியாயிடும்," என்றான். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில்.

அவள் அழுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. அதைவிட, அழுது முடித்ததும் அவள் யோசிக்க ஆரம்பித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

முயலைப் பிடித்துக் கூடையில் போட்டான். கூட வேலை பார்க்கிறவன் வீட்டில் தோட்டமிருக்கிறது, கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்றான். அவள் தடுக்கவில்லை. நைட்டியை மாற்ற உள்ளே போனாள்.

லிஃப்ட் இறங்கியது. கூடையின் இடைவெளியில் முயல் முகத்தை நீட்டி, அவன் விரல்களில் தாடையைத் தேய்த்தது. அவனை அது இன்னும் தன்னுடையவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

அவன் விரல்களை இழுத்துக்கொண்டான்.

விபத்தன்று பிணவறையிலும் இப்படித்தான் கையை இழுத்துக்கொண்டான். பஸ்ஸில் வந்தவர்களில் அடையாளம் தெரியாத பெண்கள் இரண்டு பேர், ஒரே வயது, ஒரே உடல்வாகு, ஒருத்தி முகமெல்லாம் கட்டோடு வார்டில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறாள், இன்னொருத்தி இங்கே என்று சொல்லிவிட்டுத்தான் ஊழியர் துணியை விலக்கினார். முகம் முகமாக இல்லை. அவளுடைய கையைப் பார்த்தான். இடது மணிக்கட்டில் நீளமாக நகக் கீறல். முந்தின நாள் முயலுக்கு நகம் வெட்டும்போது அது கீறியது; அவன்தான் திட்டிக்கொண்டே களிம்பு தடவிவிட்டான்.

துணியை அவனே இழுத்து மூடினான். அவனுக்கு அவள் உயிரோடு வேண்டும், அவ்வளவுதான்.

"இது இல்ல. வார்டுல இருக்கிறவதான் என் பொண்டாட்டி."

வெளியே வராந்தாவில், அடையாளம் காட்டத் தன் முறைக்காக இன்னொருவன் காத்திருந்தான். அவன் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.