அசையாத உருளை

நீலகிரியின் எமரால்டு ஊரில், கேரட் கழுவும் கொட்டகைக்குள் மூடுபனி நுழைகிறது. இயந்திரத்தின் பெரிய உருளை அசையாமல் கிடக்கிறது. அதன் காலடியில் கெஸியா மடிக்கணினியோடு குந்தியிருக்கிறாள். யாருடைய முறை என்று சொல்லும் செயலி அவள் எழுதியது. அது எண் கொடுத்தால்தான் மோட்டார் ஓடும். முந்திக்கொண்டு யாரும் ஓட்டக் கூடாதென்று பழைய சுவிட்சையும் அவளே கழற்றச் சொன்னாள். ஒன்று பழுதானாலும் மற்றவை ஓடும் என்று நம்பி, ஒரே கம்ப்யூட்டரில் இருந்ததை மைக்ரோசர்வீஸ் என்னும் ஐந்து தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, இணையத்தின் கிளவுடில் ஏற்றினாள். இன்று எண் கொடுக்கும் துண்டு இயங்கவில்லை. மற்ற நான்கும் அதற்காகக் காத்திருக்கின்றன.

"அஞ்சு பேர்ல ஒருத்தன் லீவுன்னா மீதி நாலு பேரும் உக்காந்துக்குவாங்களாங்க?" என்கிறான் கேரட் கழுவ வந்த விவசாயி அன்பு. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவனுடைய இருபது மூட்டையும் மண்ணோடு கிடக்கின்றன. கழுவாததை லாரி ஏற்றாது. நாளை மண்டி இல்லை. வெளியே லாரி உறுமுகிறது.

"ஒத்த மிஷினுக்கு ஒத்த கம்ப்யூட்டரே போதுமுங்கண்ணா. நாந்தான் பெரிய கம்பெனியாட்டம் செஞ்சுட்டேன். ஆண்டவரே!" கெஸியா மடிக்கணினியை மூடுகிறாள்.

காலையிலேயே தன் கேரட்டைக் கழுவி முடித்த வேணி, வீட்டுக்குப் போகாமல் தொட்டியில் குழாயைத் திறக்கிறாள். சேலையைச் செருகிக்கொண்டு, அன்புவின் கேரட்டை அந்தக் குளிர்ந்த நீரில் காலால் மிதித்துக் கழுவுகிறாள். கெஸியாவும் இறங்குகிறாள். நான்கு மூட்டை முடிகிறது. இன்னும் பதினாறு.

லாரியின் உறுமல் சட்டென்று நிற்கிறது. கெஸியா பயந்து நிமிர்கிறாள். டிரைவர் சில்வஸ்டர், ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் ஏற்றியபடி தொட்டியை நோக்கி வருகிறார்.