மேலத்தெருக் குழாய்க்கு வந்த கைப்பிடி

எல்லோரும் சமம் என்ற ஆட்சி நடந்தவரை, ஊர்க் குழாய்களையெல்லாம் பெரிய தொட்டியின் சிவப்பு வால்வுதான் திறக்கும், மூடும். ஆட்சி கவிழ்ந்ததும் தெருக் குழாய்கள் ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கைப்பிடி வந்தது. கீழத்தெருக் குழாய் அளந்து திறந்து, தெருவோரமெல்லாம் வாழை வளர்த்துவிட்டது. கண்டபடி திறந்துவிட்டுச் சேற்றில் நின்ற மேலத்தெருக் குழாய்க்கு வயிறு எரிந்தது.

யாரும் சீந்தாமல் துருப்பிடித்துக் கிடந்த வால்வை அது பழைய மரியாதையோடு கூப்பிட்டது.

“தோழரே, கைப்பிடிகளை நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.”

“உன்னுடையதும் போய்விடுமே, தோழி.”

“போனால் போகட்டும். அந்தக் கீழத்தெருக்காரியுடையதும் போகுமில்லையா?”

வால்வு மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. திறக்கத்தான் மறந்துவிட்டது. வாழை வாடியது.

தாகத்தோடு ஒரு குருவி மேலத்தெருவுக்கு வந்தது.

“இங்கே தண்ணீர் இல்லை” என்றது குழாய் சந்தோஷமாக. “கீழத்தெருவிலும் போய்ப் பாரேன், சொட்டு வராது.”