புனுகு வீட்டு மாப்பிள்ளை

வாழைப்பழத் தட்டோடு கொல்லைப்புறம் போன பகவதியம்மை வெறுந்தட்டோடு திரும்பினாள். "பூனை சாப்பிட்டாச்சு" என்று கணவரிடம் மட்டும் சொல்வதுபோல, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

வன்னியபெருமாள் தலையை மட்டும் அசைத்தார். ஆரியசாலைக் கடைத்தெருவில் அவருக்குப் பூஜைச் சாமான் மொத்த வியாபாரம். ஆனால் ஊரில் 'புனுகு வீட்டுக்காரர்' என்றால்தான் தெரியும்.

நாலு தலைமுறையாக அம்மனுக்கு வெள்ளிதோறும் சாத்துகிற புனுகு அந்த வீட்டிலிருந்துதான் போகிறது. கொல்லைக் கூண்டில் பூனை உரசிவிட்டுப் போகும் குச்சியிலிருந்து வழித்தெடுத்த அசல் சரக்கு. கோயிலில் முதல் பிரசாதமும் பட்டும் அவருக்குக் கிடைப்பது அதனால்தான்.

எதிரே ஜெயனும் அனுஷாவும் உட்கார்ந்திருந்தார்கள். வித்துராக் காட்டில் அருகிப்போன விலங்குகளைக் காப்பாற்றப் புறப்பட்ட தொண்டர்கள். ஊரிலுள்ள மனிதர்களுக்கெல்லாம் கல்யாணம் முடிந்துவிட்டது போலிருக்கிறது, பூனைக்கு வரன் கேட்டு வந்திருந்தார்கள்.

"சாரே, கண்ணியில மாட்டின ஒரு புனுகுப் பூனை எங்களுக்குக் கிட்டிச்சு. பெண்ணு. கட்டுப் போட்டு மருந்து வச்சு, கால் இப்ப சுகமாச்சு" என்றான் ஜெயன். "ஆனா அந்தக் காட்டில ஆண் ஒண்ணுகூட இல்ல. உங்க ஆண் பூனையை ஒரு மாசம் தந்தா மதி, அது போதும். வனத்துறை அனுமதி எல்லாம் நாங்க வாங்கிடுவோம்."

"இல்லேன்னா அந்த வம்சமே இதோட தீர்ந்துபோகும், அங்கிள்" என்ற அனுஷாவுக்குக் கண் கலங்கியது. காலேஜில் படிக்கும் பிள்ளைகள். கண்ணீருக்கு அங்கே பஞ்சமில்லை.

"வம்சத்தைப் பத்தி எனக்கே சொல்லித் தாறியளா?"

"பூனையை ஒரு தடவை காட்டுங்களேன், சாரே."

"அசலார் கண்ணு படப்பிடாது. குளிச்சு சுத்தமா நாங்க ரெண்டு பேரும்தான் கூண்டுப் பக்கம் போவோம்."

ஜெயன் மூக்கை உறிஞ்சினான். "புனுகுப் பூனை இருக்கிற வீடுன்னா தெருமுனையிலேயே நாறுமே. இங்க சாம்பிராணி மணம்தான் வருது."

"சுத்தம், தம்பி! எங்க குடும்பத்துச் சுத்தம்."

காட்டில் திரிகிறவனுக்குச் சுத்தத்தைப் பற்றி என்ன தெரியும்? ஜெயன் தயங்கித் தயங்கி, "அப்ப ஆணை அனுப்பி வைக்கிறது..." என்று இழுத்தான்.

வன்னியபெருமாளின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

"என்ன பேச்சு பேசுதியோ? எங்க வீட்டு ஆம்பிளை பெண்ணு வீடு தேடிப் போகணுமா? அதெல்லாம் உங்க மலையாளத்து வழக்கம். எங்கள்ல பெண்ணுதான் புகுந்த வீட்டுக்கு வரணும். பூனைன்னாலும் முறை முறைதான்!"

இருவரும் மலையாளத்தில் ஏதோ குசுகுசுத்துக்கொண்டார்கள். ஜெயன் முகமெல்லாம் மலர எழுந்தான்.

"சாரு சொன்னதுதான் ஞாயம். வர்ற வெள்ளிக்கிழமை பெண்ணை இங்கேயே கொண்டு வந்துடுறோம். டாக்டரும் கூட வருவாரு. ஒரு மாசம் நாங்க மாறி மாறி இங்கேயே காவல் இருக்கோம்."

"அங்கிளுக்குத் தங்க மனசு!" அனுஷா காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அடுத்த நிமிடம் இருவரும் பஸ் பிடிக்க ஓடினார்கள்.

ஆசீர்வதிக்கத் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றார் வன்னியபெருமாள்.

பகவதியம்மை வாசல் கதவைச் சாத்திவிட்டு அருகே வந்தாள்.

"சம்பந்தம் பேசி முடிச்சிட்டியளே... நம்ம பூனைதான் பெரிய மகன் கல்யாணத்து வருசமே செத்துப் போச்சே!"