முதல் சரக்கு ரயில்

மாவு மில் முதலாளி, ஊருக்கு ரயில் வரவேண்டுமென்று நடையாய் நடந்து செருப்பைத் தேய்த்தவர். தண்டவாளம் போடத் தன் நிலத்தையே சும்மா எழுதிக் கொடுத்தார். மளிகைக்கடை மைத்துனரும் நிழல்போல் கூடவே அலைந்தார்.

முதல் சரக்கு ரயில் வந்த அன்று, பிளாட்பாரத்தில் தன் மாவு மூட்டைகளை மலையாய்க் குவித்துவிட்டார் முதலாளி.

"இனிமே நம்ம மாவு ஊர் ஊராப் போகும், மாப்ளே!"

மைத்துனர் ரயில் வரும் திசையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில் நின்று, பெட்டிகளின் கதவைத் திறந்தார்கள். உள்ளே கூரை முட்ட மாவு மூட்டைகள். எல்லாம் பட்டணத்து மில்லுடையவை.

"எவன்டா இதை வரவழைச்சது?" முதலாளி அலறினார்.

"நான்தான், மச்சான். பாதி விலைக்குத் தர்றாங்க. இதுக்குத்தானே நானும் உங்ககூட அலைஞ்சேன்?" என்றார் மைத்துனர். பிறகு குரலைத் தாழ்த்தி, "மில்லை மூடுறப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்குக் குடோனுக்கு இடம் வேணும்" என்றார்.