‘முற்றும்’ போட்ட பிறகு

அரியலூர் ராசாங்கம் பத்து வருடமாக எழுதிவந்த நாவலுக்கு ‘முற்றும்’ போட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பயந்துபோன மனைவி ஆண்டாயி, பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் வெற்றிச்செல்வியை வரவழைத்தாள்.

“கதையில வர்ற சனமெல்லாம் செத்துப்போன மாதிரி அழுவறாரு. இன்னிக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுன குழி ஓரமா, தேங்கிக் கெடக்கற தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னாருடி. நான்தான் கையப் புடிச்சு இழுத்தாந்தேன்.”

“எழுதறவங்களுக்கு முடிச்சதும் இப்படித்தாம்மா இருக்கும். கொஞ்ச நாள்ல மறந்துடுவாரு.”

“மறந்துட்டாப் போதும்டி.”

மறுநாள் காலையில் ராசாங்கம் குளித்துவிட்டுச் சிரித்த முகமாக வந்து உட்கார்ந்தார். இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆண்டாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஆண்டாயி, பேனாவ எங்க வச்ச? கடைசி அத்தியாயத்த எழுத ஆரம்பிக்கணும்.”

“அதான் எழுதி முடிச்சிட்டீங்களே!”

“நான் எங்க முடிச்சேன்? இன்னும் தொடவே இல்லையே.”

சட்னி ஊற்ற வந்த மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தப் பொண்ணு யாரு? பக்கத்து வூடா?”

வெற்றிச்செல்வியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஆண்டாயி உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்து கொடுத்தாள்.

“ஒண்ணும் அவசரமில்லங்க. மெதுவா எழுதுங்க” என்றாள்.