ஸ்பேருக்கு ஒரு போன்

"அந்தப் பழைய போனைக் கொடுத்துடாதீங்க. ஸ்பேருக்கு வீட்டுல ஒண்ணு கிடக்கட்டும்" என்றாள் அவள்.

புதுப் போன் வாங்க வந்த கடையில், பழையதை நீட்டிய கணவனின் கை அப்படியே நின்றது. இவள் சொன்னால் காரணம் இருக்கும் என்று பையில் போட்டுக்கொண்டான்.

காரணம் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. வரும் திங்கட்கிழமை பிரசவ விடுப்பு முடிந்து, கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்ப வேண்டும். பத்து மாதப் பெண் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளப் போவது கொழுந்தன். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த இசைக்குழு கலைந்துபோனதால், அடுத்த வேலை கிடைக்கும்வரை அவர்களோடு தங்கியிருந்தான். மனசு தங்கம்தான். ஆனால் அடுப்பில் முட்டையை வேகவைத்துவிட்டு முடிவெட்டப் போனவன். அவனை நம்பிப் பாலை வைக்கவே யோசிக்கணும், பிள்ளையை எப்படி விடுவது?

ஞாயிறு மாலை அண்ணனும் தம்பியும் குழந்தையோடு கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறினாள். ஹால் அலமாரியின் மேல்தட்டில் தடித்த புத்தகங்களுக்கு நடுவே பழைய போனைச் செருகினாள். கேமராவின் கண் மட்டும் வெளியே தெரிந்தது. அது காட்டும் படம் அவள் போனில் வந்தது. பாதி ஹால்தான் தெரிந்தது. ஒன்றும் இல்லாததற்கு இது மேல்.

முதல் வாரம் மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்ததைவிடப் போனைத் துடைத்ததுதான் அதிகம். ஆனால் அவள் அதிர்ஷ்டமோ என்னவோ, எல்லாமே அந்தப் பாதி ஹாலிலேயே நடந்தது. பாலை மணிக்கட்டில் சொட்டவிட்டுச் சூடு பார்த்தான். குழந்தை தூங்கும்போது நகம் வெட்டினான். குளிப்பாட்டும் தொட்டியைக்கூட ஹாலுக்கே இழுத்து வந்தான். என்ன பிறவியோ, குளியலறை எதற்கு இருக்கிறது என்று அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். பாத்திரத்தைக் கவிழ்த்து அவன் தாளம் போட்டால், குழந்தை இடுப்பை ஆட்டியது.

போனும் அவளை ஏமாற்றவில்லை. கணவன் கையில் இருந்தவரை மதியத்துக்குமேல் தாங்காத பேட்டரி, இப்போது மாலைவரை தாங்கியது. ஓய்வு கிடைத்தால் போனுக்கும் உடம்பு தேறும்போல.

மூன்றாவது வாரம் ஒரு பெரியவருக்குக் காதோரம் ஃப்ரேம் சரிபார்த்துக்கொண்டிருந்தவள், ஓரக்கண்ணால் போனைப் பார்த்தாள். கொழுந்தன் ஹாலின் அந்தக் கோடியில் குழந்தையை நிறுத்தினான். ஓடி வந்து, அலமாரிக்கு நேர் கீழே உட்கார்ந்து கைகளை நீட்டினான். குழந்தை தள்ளாடியது. ஓர் அடி. இன்னொன்று. அப்புறம் தடதடவென்று நான்கு அடி, நேராகக் கேமராவைப் பார்த்து.

அவள் கண்ணில் நீர் தளும்பியது.

"ஏம்மா, ஃப்ரேம் எனக்கு அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கேட்டார் பெரியவர்.

அன்று சாயங்காலம் படி இரண்டிரண்டாக ஏறி வீட்டுக்குள் நுழைந்தாள். இந்தச் செய்தியைக் கொழுந்தன் வாயால் கேட்க வேண்டும், கேட்டதும் புதிதாகக் கேட்பதுபோல் வாயைப் பிளக்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். அவனோ துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

இன்றைக்குப் பாப்பா என்ன செய்தாள் என்று கேட்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள், விசேஷமாக ஒன்றும் இல்லை என்றான். வேறு ஒன்றும் இல்லையா என்றாள். சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்துவிட்டாள் என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. பெற்றவளிடம் சொல்ல வேண்டிய சேதியா இது, மறைக்கிற சேதியா? அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"பாப்பா இன்னிக்கு நடந்தாளே, அதை ஏன் தம்பி என்கிட்ட சொல்லலை?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் மடித்த துணியை அடுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"நீங்கதான் கடையில இருந்தே பாத்தீங்களே அண்ணி. உங்களுக்குத் தெரியணும்னுதானே அவளை அந்தப் பக்கம் திருப்பி நடக்கவிட்டேன்? நாளைக்கு வரும்போது நீளமா ஒரு சார்ஜர் ஒயர் வாங்கிட்டு வாங்க, தினம் மதியம் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் போனுக்குச் சார்ஜ் ஏத்துறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சு போகுது."