சுவரில் சிரிக்கிறவர்கள்

வேலை கேட்டு வந்து நின்ற வெல்டரை வேலைவாய்ப்பு அதிகாரி ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கோப்பில் தலையைப் புதைத்தபடியே பொரிந்து தள்ளினார்.

“ஏம்ப்பா, உழைக்கணும்னு எண்ணம் இருந்தா வருஷக்கணக்கா சும்மா இருப்பியா? சுவத்துல பாரு! உன்னை மாதிரி மூணு பேருக்கு நிரந்தர வேலை வாங்கிக் கொடுத்து, படம் எடுத்து மாட்டியிருக்கோம்.”

வெல்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இன்னும் அந்த வேலையில இருக்காங்களான்னு விசாரிச்சீங்களா?”

“சேர்த்து விடறதோட எங்க வேலை முடிஞ்சுது.”

“முதல் மூணு மாசம்தான் ஆளோட சம்பளத்துல பாதியை அரசாங்கம் முதலாளிக்குத் தருது. நாலாம் மாசம் முதலாளி கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டு, அடுத்த ஆளை எடுத்துக்கறார்!”

“உனக்கு யார் சொன்னது?”

“தலையைத் தூக்கிப் பாருங்க சார். நடுப் படத்துல இருக்கிறது நான்தான். மத்த ரெண்டு பேரும் எனக்குப் பின்னாடி வரிசையில நிக்கிறாங்க!”